பத்தாவது ஆடு

"புரியல" என்ற சொல்லை அவளைப் போலச் சொன்ன ஒருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. நாமெல்லாம் அதைச் சொல்ல நேர்ந்தால் குரல் உள்ளே போய்விடும். தலையைச் சொறிவோம். பக்கத்தில் இருப்பவளின் விலாவில் இடித்து, 'நீ கேளேன்டி' என்போம். அவளுக்கு அதெல்லாம் கிடையாது. பசிக்கிறது என்பதைச் சொல்வது போலச் சொல்வாள். எழுந்து நிற்பாள், கையைக் கட்டமாட்டாள், "டீச்சர், எனக்குப் புரியல" என்பாள். டீச்சர் திரும்பச் சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னும் புரியலைங்க டீச்சர்" என்பாள். மூன்றாவது முறை சொன்ன பிறகும் அதே முகம், அதே குரல். வகுப்பே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு நின்றுகொண்டே இருப்பாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் ஊர் இலுப்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பெயரைப் போட்டால் யார் மகள் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் அப்பா எங்கள் ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு தடவை தலைகுனிந்தது போதும்.

ப்ளஸ் ஒன்னில் நானும் அவளும் ஒரே பெஞ்ச். நான் அவளுக்கு நேர் எதிர். வெட்கம் எனக்குக் கூடப்பிறந்தது. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்தால்கூடக் கண்டக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். புரியாததற்கெல்லாம் தலையாட்டியே பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலாவதாக வந்தவள் நான். கணக்கையே மனப்பாடம் செய்வேன். எண்ணை மாற்றிக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவேன், அதையும் நாலைந்து மாதிரி வினாத்தாள்களைப் பார்த்துச் சரிக்கட்டிவிடுவேன். அவள் எல்லாப் பாடத்திலும் நடுவாந்தரம். தெரிந்ததை எழுதுவாள், தெரியாததை விட்டுவிடுவாள். அவள் விடைத்தாளில் வெற்றிடம் நிறைய இருக்கும், ஆனால் எழுதியிருப்பது தப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

வகுப்பில் மட்டுமல்ல, வெளியிலும் அப்படித்தான். ஒரு தடவை அவள் அம்மாவுக்குக் கால் வீங்கி இலுப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் துணைக்குப் போயிருந்தேன். டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினார். அவள் அம்மா, "சரிங்க, சரிங்க" என்று எழுந்துவிட்டார்கள். இவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நீங்க சொன்னது புரியலைங்க. அம்மாவுக்கு என்ன நோவு?"

"அதான் சொன்னேனேம்மா, செல்லுலைட்டிஸ்னு."

"அப்புடின்னா என்னன்னு புரியலைங்க."

பின்னால் வரிசை நின்றது. டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது, மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று விளக்கமாகவே சொன்னார். வெளியே வந்ததும் அவள் அம்மா அவள் கையில் ஒரு கிள்ளு கிள்ளினார்கள். "மானத்த வாங்குற. பெரிய மனுசரு சொன்னா சரின்னு வரணும்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வரிசையில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் அவளோடு வரவில்லை என்பது போலச் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ப்ளஸ் ஒன் பாதியில் கணக்கு டீச்சர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஒரு பெரிய கல்லூரி ஆன்லைனில் பட்டப்படிப்பு நடத்துகிறதாம். பள்ளியில் படிக்கும்போதே அதன் ஆரம்பப் பாடங்களைப் படித்துத் தேர்வு எழுதலாம். தேறிவிட்டால் ப்ளஸ் டூ முடிந்ததும் அங்கே இடம் நிச்சயம். வீட்டிலிருந்தே படிக்கலாம். பள்ளியிலிருந்து இரண்டு பேரை அனுப்பலாம் என்றார். முதல் ஆளாக என் பெயரை அவரே எழுதிக்கொண்டார். இரண்டாவது யார் என்று கேட்டபோது அவள் கையைத் தூக்கினாள்.

"அது என்ன படிப்புன்னு ஒனக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்லைங்க டீச்சர். சேந்தாத்தானே புரியும்."

வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவள் அப்பா ஆட்டு வியாபாரி. விராலிமலைச் சந்தையில் வாங்கி மணப்பாறையில் விற்பார், அங்கே வாங்கி இங்கே விற்பார். நல்ல மனுசர். ஆனால் பெண்பிள்ளையை ஆஸ்டலில் விட்டுவிட்டுத் தன்னால் தூங்க முடியாது என்பார். அவள் அக்கா நன்றாகப் படித்தவள், காலேஜ் வெளியூரில் என்பதாலேயே படிப்பு நின்று திருப்பூரில் சித்தியோடு பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இவளும் ப்ளஸ் டூ முடித்தால் அதே பஸ்தான். இந்தத் தேர்வில் தேறினால் மட்டும் ஊரிலேயே இருந்து பட்டம் வாங்கலாம். அதை அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு இது இன்னொரு முதல் மார்க், அவளுக்கு வேறு வழியே கிடையாது.

ஊர் இதை அதன் பாணியில் புரிந்துகொண்டது. நாங்கள் பதிவு செய்த மறுநாளே, 'ரெண்டு புள்ளைக ஸ்கூல்ல இருக்கும்போதே காலேஜ் சேந்துருச்சுக' என்று பேச்சாகிவிட்டது. டீக்கடையில், "அப்புறம் எதுக்கு இன்னும் யூனிபார்ம் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போகுதுக?" என்று ஒருவர் நியாயமாகவே கேட்டாராம். என் அத்தை ஒரு காலேஜ் பேக் வாங்கி வந்துவிட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த என் அப்பா, அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். இன்னும் சேரவில்லை, தேர்வு எழுதவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லட்டைத் தின்றேன். அவளோ போகிற வருகிறவர்களை நிறுத்தி விளக்கினாள். "இன்னும் சேரலைங்க. மொதல்ல பாடம், அப்புறம் பரீட்சை, அப்புறம் ப்ளஸ் டூ, அதுக்கப்புறந்தான் காலேஜ். எனக்கே இன்னும் முழுசாப் புரியல." கேட்டவர்கள் அவளைக் கொஞ்சம் மட்டமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். காலேஜ் சேர்ந்த இரண்டு பேரில் ஒருத்திதான் உருப்படியாகச் சேர்ந்திருக்கிறாள் என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும்.

மாலையில் பள்ளி முடிந்ததும் கம்ப்யூட்டர் லேபில் வீடியோ பார்ப்போம். பாடம் முழுக்க இங்கிலீஷ். அவள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். நான் முன்னால் ஓட்டி, பயிற்சிக் கேள்விகளுக்கு விடை எப்படி வருகிறது என்பதை மட்டும் எழுதிக்கொள்வேன். சனிக்கிழமைதோறும் சந்தேகம் கேட்கும் வகுப்பு நேரலையில் நடக்கும். தமிழ் தெரிந்த ஓர் அண்ணன் வருவார், அவரும் அதே படிப்பில் மேல் வகுப்பு மாணவர். திரையில் எங்கெங்கோ இருந்து பிள்ளைகள். எல்லோர் பின்னாலும் புத்தக அலமாரியும் ஏசியும் தெரியும். எங்கள் பின்னால், 'மின்விசிறியை நிறுத்தவும்' என்று எழுதிய சுவர் தெரியும். யாரும் மைக்கைத் திறக்கமாட்டார்கள். அந்த அண்ணன், "டவுட்ஸ்?" என்பார். "நோ டவுட்ஸ்" என்று வரிசையாக எழுத்தில் வந்து விழும். நானும் போடுவேன்.

இரண்டாவது சனிக்கிழமை அவள் மைக்கைத் திறந்தாள்.

"அண்ணா, எனக்குப் புரியல."

"எது புரியல?"

"பத்து ஆட்ட எடை போடுறோம்ணா. மொத்தத்தப் பத்தால வகுத்தா சராசரி. அது சரி. ஒவ்வொரு ஆடும் அந்தச் சராசரிய விட்டு எம்புட்டுத் தள்ளி நிக்கிதுன்னு கணக்குப் பாக்கும்போது மட்டும் ஒம்போதால வகுக்கச் சொல்றீங்க. நிக்கிறது பத்து ஆடு. ஒரு ஆடு எங்கண்ணா போச்சு?"

அந்த அண்ணன் சிரித்தார். "அது சாம்பிள்மா. சாம்பிள்னா ஒண்ணு கழிச்சு வகுக்கணும். ஃபார்முலா அது."

"ஃபார்முலா தெரியும்ணா. ஏன்னுதான் புரியல."

அவர் இங்கிலீஷில் ஏதோ பெரிய சொல் சொன்னார். அவள் அதுவும் புரியவில்லை என்றாள். அதற்குள் எழுத்துப் பெட்டியில் யாரோ ஓர் ஆட்டுப் படம் போட்டார்கள். அடுத்து இன்னொன்று. பிறகு திரையின் ஓரம் முழுக்க ஆடு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேமராவில் தெரியாதபடி நாற்காலியைப் பின்னால் இழுத்து, குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். அவள் என் தோளைத் தட்டி, "பாருடி, எம்புட்டு ஆடு" என்றாள். அவளுக்கு அது உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது.

"இது புரியணும்னா இன்னும் மேல படிக்கணும்மா. இப்போதைக்கு ஒன்பதால வகுத்துடு, மார்க் வந்துடும்" என்றார் அவர்.

"இப்போதைக்குன்னா எப்ப வரைக்கும்ணா?"

அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடுத்த கேள்வி என்று ஒன்று வரவில்லை. "நோ டவுட்ஸ்" என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு அந்த ஆடு அவளை விடவில்லை. கணக்கு டீச்சரிடம் கேட்டாள். அவர், "அது அப்படித்தாம்மா, நாங்களும் அப்படித்தான் படிச்சோம்" என்றார். வீட்டில் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தரகுக்குப் போயிருக்கும்த்தா" என்றாராம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியும். அவர் சந்தைக்குப் போன இடத்திலும், "எம்மக ஒரு கணக்கு கேட்டா, டீச்சருக்கே வெளங்கல" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மகளின் 'புரியல' அந்த வீட்டில் ஒரு குறையாக இருக்கவில்லை, அப்போது.

எனக்கும் அந்த ஆடு எங்கே போனது என்று தெரியாது. அதை அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல அவசியம் ஏற்பட்டதாகவும் அப்போது தோன்றவில்லை. எனக்குத் தெரியவேண்டியது ஒன்பதால் வகுக்க வேண்டும் என்பது மட்டும்.

தேர்வு திருச்சியில் ஓர் எஞ்சினியரிங் காலேஜில். கணக்கு டீச்சர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் விராலிமலை தாண்டும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள், நான் விடைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். முடிந்து வெளியே வந்ததும், கொளுத்தும் வெயிலில் நின்று கரும்புச்சாறு குடித்தோம். "எப்புடி எழுதுன?" என்றேன். எல்லாக் கேள்வியையும் முழுசாகப் படித்துப் புரிந்துகொண்டு போட்டதில் நேரம் போதவில்லை என்றாள். பிறகு, "அந்த மாதிரி கணக்கு மூணு வந்துச்சுல்ல. நான் பத்தாலதான் வகுத்தேன்" என்றாள்.

"லூசாடி நீ? ஒம்போதுன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஆனா ஏன்னு தெரியாம எப்புடி வகுக்குறது? கை வரல."

எனக்குக் கோபமாக வந்தது. எனக்குக் கை நன்றாகவே வந்திருந்தது.

நான் தேறினேன். அவள் ஒரு கணக்கு அளவுக்குக் குறைந்துபோய் நின்றாள். அடுத்த மாதமே ஒரு மறுதேர்வு உண்டு, விட்டால் அவ்வளவுதான். அவள் அழவில்லை. அவள் அப்பாவும், "ஒருவாட்டி வழுக்குனா என்ன, இன்னொருவாட்டி எழுது" என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் அவள் என்னிடம் சொன்னதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். "இந்தத் தடவ ஒம்போதாலயே வகுத்துர்றேன்டி. காலேஜுல சேந்து நிதானமாக் கேட்டுக்கலாம். ஆனா அதுக்குள்ள யாராச்சும் ஒருத்தர் ஏன்னு சொல்லிட்டா நல்லாருக்கும்." அவள் அவ்வளவு இறங்கி வந்திருந்தாள். மறுதேர்வு எழுதியிருந்தால் நிச்சயம் தேறியிருப்பாள்.

எங்கள் பக்கத்தில் கல்விச்சீர் என்று ஒரு வழக்கம் உண்டு. தாய்மாமன் சீர் கொண்டுபோவது மாதிரி, ஊர் கூடிப் பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுபோவது. பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி, ஃபேன், சுவர்க் கடிகாரம், நோட்டு, சாக்பீஸ் பெட்டி, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் தாம்பாளங்களில் வைத்து, மேளம் முன்னே போக, பெண்கள் பட்டுச்சேலையில் வரிசையாகத் தூக்கிப் போவார்கள். அந்த வருஷம் சீரோடு சேர்த்து எனக்குப் பாராட்டும் வைத்துவிட்டார்கள். பள்ளி வாசலில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ். பத்தாம் வகுப்பு அடையாள அட்டையில் இருந்த என் முகத்தை எடுத்து, அதன் தலையில் பட்டமளிப்புக் குல்லாய் வைத்து, கறுப்பு அங்கி மாட்டி, கீழே 'பள்ளியில் படிக்கும்போதே பட்டதாரி!' என்று போட்டிருந்தார்கள். அச்சடித்தவர்களுக்கு அதுதான் புரிந்திருந்தது. அதற்கு அடியில் மேளம் முழங்க நான் நடந்து போனேன். எனக்கு நேர் பின்னால் அவள் ஒரு தாம்பாளத்தில் உலக உருண்டையும் பழமும் ஏந்தி, "நல்லாத்தான்டி இருக்கு குல்லா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பொறாமை என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை போலும்.

மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைமையாசிரியை பேசினார், ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள். தோழி ஒருத்தி இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார் தலைமையாசிரியை. வேறு யாரும் எழவில்லை. அவள் எழுந்து வந்தாள். மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இவ பாசானதுல எனக்கு ரொம்ப சந்தோசம். நான் பாசாகல, மறுபடி எழுதப்போறேன். எனக்கு ஒரே ஒரு கணக்கு மட்டும் இன்னும் புரியல. நெறையப் பேர்கிட்டக் கேட்டுட்டேன். இவதான் அதுல பாசாயிட்டாளே, இவகிட்டயே கேட்டுக்கிறேன்."

அந்தப் பத்து ஆட்டையும் ஊர் முன்னால் வரிசையாக நிறுத்தினாள். ஆட்டுச் சந்தை தெரிந்த கூட்டம், காது கொடுத்துக் கேட்டது. "ஒரு ஆடு எங்கடி போச்சு?" என்று மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினாள். கேலி இல்லை, பழி இல்லை. நான் சொல்வேன் என்று நம்பித்தான் நீட்டினாள்.

எப்படி வேண்டுமானாலும் மழுப்பியிருக்கலாம், 'அப்புறம் சொல்றேன்' என்று எவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வரவில்லை. பொன்னாடை கழுத்தில் அரித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"எனக்கும் புரியல."

ஒலிபெருக்கி அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது. தலைமையாசிரியை முகம் மலர்ந்து மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா? இதுதான் தன்னடக்கம். நிறைகுடம் தளும்பாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? தோழி மனசு நோகக்கூடாதுன்னு தனக்கும் தெரியாதுன்னு சொல்லுது இந்தப் புள்ள."

கைதட்டல் என்றால் அப்படிக் கைதட்டல். என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊர்த் தலைவர் என் தலையில் கை வைத்தார். அவள் மட்டும் தட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம், அவளுக்கு ஒரு கூட்டாளி கிடைத்த சந்தோஷம். எட்டி மைக்கருகே போய், "இல்லைங்க டீச்சர், அவ நெசமாத்தான் சொல்றா. அவளுக்கும் புரியலைங்க" என்றாள்.

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "பாசானவளுக்குப் புரியலன்னு பெயிலானவ சொல்றாப்பா" என்றது. சிரிப்பு இரண்டு மடங்கானது. "மக்குப் புள்ள, பாவம்" என்று பெண்கள் பக்கத்தில் யாரோ சொன்னது மேடை வரை கேட்டது. வகுப்பில் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்கிறவள், அன்றும் சிரித்தாள். அப்போது மைதானத்தின் ஓரத்தில் சந்தைக்கார நண்பர்களோடு நின்றிருந்த அவள் அப்பாவைப் பார்த்தேன். நண்பர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அந்த ஃபிளெக்ஸைக் கடந்து வெளியே போனார்.

அன்றோடு முடிந்தது. மறுதேர்வு வேண்டாம் என்றுவிட்டார். கணக்கு டீச்சர் வீட்டுக்கே போய்ப் பேசிப் பார்த்தார். "ஊரு சிரிச்சுப்போச்சு, போதுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாராம். அவள், "ஏம்ப்பா? எனக்குப் புரியல" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். டாக்டரும் அந்த அண்ணனும் ஏதோ ஒரு பதிலாவது சொன்னார்கள். அவள் அப்பா எழுந்து ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விடுவாராம்.

ப்ளஸ் டூ முடிந்த கையோடு அவளைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அந்தப் பட்டத்தை முடித்துவிட்டேன். இப்போது சென்னையில் வேலை. இரண்டாம் வருஷப் பாடத்தில் ஏன் ஒன்பதால் வகுக்க வேண்டும் என்பதற்கு விளக்கம் வந்தது. படித்தேன், தேர்விலும் எழுதினேன், முழு மதிப்பெண் வாங்கினேன். அவளுக்குப் போன் செய்து சொல்லலாமே என்று ஒரு தடவை எண்ணை எடுத்தேன். அவள், "இன்னும் புரியலடி" என்றால் அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்பது தெரிந்து போனை வைத்துவிட்டேன். வெட்கக்கேடு என்று இதைத்தான் சொல்லவேண்டும். யார் என்னைப் படித்தவள் என்றாலும் எனக்கு அந்த மைதானம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அந்தக் கல்விச்சீர் முடிந்த சில நாளில், மறுதேர்வுக்குப் பதியக் கடைசி நாளான ஒரு சாயங்காலம், நான் அவள் வீட்டுக்குப் போனேன். எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அவள் அப்பா பட்டியில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவள் கொஞ்சம் தள்ளி வாளியோடு நின்றாள்.

"வாத்தா" என்றார். எப்போதும் போலத்தான் கூப்பிட்டார்.

"மாமா, அன்னைக்கு மேடையில நான் சொன்னது அடக்கமெல்லாம் இல்ல. எனக்கு நெசமாவே அது புரியல. இப்பவும் புரியல. மனப்பாடம் பண்ணித்தான் எழுதுனேன். அவ சொன்னதுதான் நெசம். அவள எழுதச் சொல்லுங்க மாமா, கண்டிப்பாப் பாசாயிருவா."

அவர் குடத்தைக் கீழே வைத்தார். என் மேல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் தெரியும்த்தா, எம்மக பொய் சொல்லமாட்டா. ரெண்டு பேரும் ஒரே மேடையில நின்னு ஒரே வார்த்தையத்தான் சொன்னீங்க. நீ சொன்னப்ப அடக்கம்னு கைதட்டுனாங்க. எம்மக சொன்னப்ப மக்குன்னு சிரிச்சாங்க. அதுல சேத்துவிட்டா அவ நாலு வருசமும் புரியல புரியலன்னு கேப்பா, அவங்க நாலு வருசமும் சிரிப்பாங்க. இதுல புரியாததுக்கு என்னத்தா இருக்கு?"

அவள் வாளியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது கேட்பேன், 'அப்படி இல்ல மாமா' என்று ஒரு வார்த்தையாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் அவருக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.